செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு முறை

ஒரு போர்வையை ஆறு பெரிய மனிதர்கள் சேர்ந்து பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றதை நான் கண்ணால் கண்டேன். அப்போது எனக்கு எட்டு வயது. ஒரு மூலையில் அப்பா, நடுவில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த தமிழர்களின் நலன்புரிக் குழுத் தலைவர். போர்வையைத் தானமாக வாங்க வேண்டியவர் ஓரத்தில், படத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு நின்றார். பிள்ளைகள் நாங்கள் அவரை ஆமி மாமா என்று கூப்பிடுவோம். "மெல்லமாக் கூப்பிடுங்கோ" என்று அம்மா அதட்டுவார். யுத்தகாலக் கொழும்பில், வெள்ளவத்தையில் அந்தச் சொல் உரக்கக் கேட்டால் ஜன்னல்கள் சாத்தப்படும்.

ஆனால் அவர் உண்மையிலேயே ஆமிக்காரர். இராணுவத்தில் தமிழர்களும் இருந்த காலத்தில் இருபது வருடம் லொறி ஓட்டியவர். எண்பத்து மூன்று கலவரத்தில் தெஹிவளையில் அவருடைய வீட்டைக் கொளுத்தினார்கள். அடையாள அட்டை, பென்சன் காகிதங்கள் எல்லாம் வீட்டோடு எரிந்தன. சட்டைப் பையில் இருந்த பழைய இராணுவ அட்டை ஒன்றுதான் மிச்சம். பென்சன் கந்தோருக்கு நடையாய் நடந்தார். காகிதம் கொண்டுவா என்றே ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினார்கள். கொளுத்தியவர்களிடம் போய்க் கேட்டு வாங்கி வரச் சொன்னார்களோ என்னவோ! கடைசியில் அவருக்குக் கிடைத்தது வெள்ளவத்தை ஸ்டேஷனில், கடலைப் பார்த்தபடி படுக்க ஒரு மர வாங்கு.

எங்கள் குழு இதற்காக உருகியது. உருகுவதில் எங்கள் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது. எங்கள் வீட்டு ஹோலில் கூட்டம் போட்டு, கட்லட் சாப்பிட்டு, நாளுக்கு ஒரு வீடு என்று சாப்பாட்டு முறை வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை எங்களுடையது. அவர் மாடிப்படிக்குக் கீழே குந்தியிருந்து சாப்பிடுவார். அவருக்கென்று ஒரு தனிச் சாப்பாட்டுக் கோப்பை, அது எங்கள் கோப்பைகளோடு சேராமல் ஜன்னலோரம் கவிழ்ந்து கிடக்கும். பரிமாறுவது நான்.

"பிள்ளை, உங்கட அம்மான்ர சொதிக்காக மிச்ச ஆறு நாளும் பட்டினி கிடக்கலாம்" என்பார். பொரித்த மீனில் பெரிய துண்டாகப் பார்த்து நான் அவருக்கு வைப்பேன்.

படுக்க ஓர் இடம் என்ற பேச்சு வந்தபோதுதான் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். தலைவரிடம் கார் இல்லாத கராஜ் இருந்தது. எங்களிடம் பழைய சூட்கேஸ்கள் அடைத்த அறை இருந்தது. ஆனால் வீட்டில் யார் தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி வந்து ஒரு இரவு தங்கினாலும் பதிய வேண்டும். ஆமியில் துவக்குப் பிடித்துச் சுடப் பழகிய தமிழன், அதுவும் அடையாள அட்டை இல்லாதவன் என்று எந்த வீட்டுக்காரர் போய்ப் பதிவார்? "பாப்பம், பாப்பம்" என்றார் தலைவர். அப்பா தலையாட்டினார். அப்படிப் பார்த்துப் பார்த்தே இரண்டு மழைக்காலம் போனது.

எங்கோ குண்டு வெடித்த மறுநாள் இராணுவத்தினர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. ஆண்களை மதிலோரம் வரிசையாக நிறுத்தி, அட்டைகளைப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களை ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். காலி வீதிப் பக்கம் ஒரு பஸ் வெறுமையாக நின்றது. அப்பாவையும் தலைவரையும் பஸ் பக்கம் போகச் சொன்னபோது அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

அப்போதுதான் ரயில் பாதைப் பக்கமிருந்து ஆமி மாமா வந்தார். கிழிந்த சட்டையைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டு, அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் இராணுவ அதிகாரிக்கு முன்னால் விறைப்பாக நின்று சலூட் அடித்தார். பழைய அட்டையை நீட்டினார். இவர்களைத் தினமும் காண்கிறேன், கந்தோருக்குப் போய்ப் பிள்ளை குட்டியோடு இருக்கிற மனிதர்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த வயதுக்கு மரியாதையோ என்னவோ, அப்பாவையும் மற்றவர்களையும் வரிசைக்குத் திரும்பச் சொன்னான்.

பிறகு அவரிடம் அடையாள அட்டையைக் கேட்டான். எரிந்துபோயிற்று என்றார். எங்கே தங்குகிறாய் என்றான். ஆமி மாமா ஒழுங்கையைப் பார்த்தார். அதிகாரி வரிசைப் பக்கம் திரும்பினான். இவர் யாருடைய வீட்டில் இருக்கிறார் என்றான்.

தலைவர் தன் செருப்பைப் பார்த்தார். அதிகாரி அப்பாவிடம் வந்து, உன் வீட்டிலா தங்குகிறார் என்று கேட்டான்.

"நெஹே, சேர்" என்றார் அப்பா. இல்லை.

அப்பா சொன்னது பொய்யில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவர் எங்கள் வீட்டில் தங்கவில்லை, எந்த வீட்டிலும் தங்கவில்லை. இரண்டு வருடம் கூட்டம் போட்டு அந்த உண்மையை அவ்வளவு கவனமாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. "மாமா, இண்டைக்கு எங்கட வீட்டு முறையெல்லோ! அம்மா மீன் பொரிச்சு வச்சிருக்கிறா!" என்று கத்தினேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. அதிகாரி சட்டென்று திரும்பி, இந்தப் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று அவரிடமே கேட்டான்.

ஆமி மாமா என்னைப் பார்க்கவே இல்லை. "பபாட்ட படகினிலு, சேர்" என்றார். பிள்ளைக்குப் பசிக்குதாம்.

அவ்வளவுதான். அவரைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் போனதும் ஆண்கள் மதிலோரத்தை விட்டுக் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மதியம் அப்பா அல்பத்திலிருந்து அந்தப் போர்வைப் படத்தை உருவி, காஸ் அடுப்பில் பிடித்து எரித்தார். பின்னேரம் குழு கூடியது. பொலிஸுக்குப் போய் விசாரிப்பது என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள். யார் போவது என்பதில் முடிவு வருவதற்குள் கட்லட் தீர்ந்துவிட்டது. ஒருவரும் போகவில்லை. ஆமி மாமா திரும்பி வரவுமில்லை.

ஆனால் அன்று எனக்கு அப்பா மேலோ தலைவர் மேலோ கோபம் வரவில்லை. என் கோபமெல்லாம் ஆமி மாமா மேல்தான் இருந்தது. குசினியில் அவருடைய கோப்பையை வைத்துக்கொண்டு நின்ற அம்மாவிடம் போனேன்.

"எனக்குப் பசிக்கேல்லை அம்மா. நான் சொன்னதை மாமா பொய்யா மாத்திச் சொன்னவர். இனி வந்தால் அவருக்குப் பெரிய மீன் துண்டு வைக்க மாட்டன்."

அம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பிறகு கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதார். அடி வாங்கியவள் நான், அம்மா ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.