நாற்பத்தோராவது கடிதம்

1987 ஜனவரி ஏழாம் திகதி காலை பத்தரைக்குத் தந்தி வந்தது. மான்செஸ்டரில் பனியில் சைக்கிள் சறுக்கி என் தம்பி குகநேசன் இறந்துவிட்டான்.

ஸ்கந்தபுரத்தில் எங்களோடு நெல் விதைத்தவன், கொம்பியூட்டர் ஆராய்ச்சிக்கென்று போய் மூன்று வருடம். வெவ்வேறு இடங்களில் இருக்கும், வெவ்வேறு வகைக் கொம்பியூட்டர்களுக்கு நடுவில் நின்று செய்தி கொண்டுபோகும் புரோகிராம்தான் அவனுடைய கலாநிதிப் பட்ட ஆய்வு.

"பதில் வராட்டி, மற்றக் கொம்பியூட்டர் பழுதோ, செய்தி வழியில நிக்குதோ எண்டு தெரியாது அக்கா. அதுதான் கரைச்சல்," என்றான் புறப்படும்போது.

"உதுக்கோ டொக்டர் பட்டம்? எங்கட தபால்காரர் சிவக்கொழுந்தருக்கும் ஒண்டு குடுக்கச் சொல்லு."

சிரித்தான். ஆனால் அன்றே ஓர் ஒழுங்கு செய்தான். கடிதங்களுக்கு இலக்கம் போடுவான்; கிடைத்த இலக்கத்தை நான் பதிலில் எழுதவேண்டும். எழுதாவிட்டால் அதே கடிதத்தை மறுபடி அனுப்புவான். சண்டையால் பாதை மூடிய மாதங்களில் ஒரே கடிதம் மூன்று தடவை வந்திருக்கிறது.

தந்தி வந்து பன்னிரண்டாம் நாள் நாற்பத்தோராவது கடிதம் வந்தது. கடைசி அத்தியாயம்தான் மிச்சம், சித்திரைக்கு வருவேன் என்று எழுதியிருந்தான்.

சிவக்கொழுந்தரின் சைக்கிள் மணி கேட்டால் இன்றும் வாசல் படலைக்குப் போகிறேன். நாற்பத்தொன்று கிடைத்தது என்று நான் இன்னும் எழுதவில்லை.