பெயர் தெரியாத ஆண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ராமநாதபுரத்தில் நான் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் நடந்தது இது. அலமாரி நிறையக் கிடந்த பழைய சி.டி.க்களில் உள்ள ஸ்கேன் படங்களை எல்லாம் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஏற்றிவிட்டால், பெயரைத் தட்டியதும் பழைய படம் திரைக்கு வந்துவிடும்.

எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. சி.டி. உறைகளின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்ததில் பாதி என் கையெழுத்து. கல்யாணமான புதிதில், நயினார்கோவிலில் இருந்து பஸ் பிடித்து ஓடி வந்த நாட்கள் அவை. பழைய மெஷின் சூடாகி நின்றுவிட்டால், அது ஆறும்வரை இங்கே வேலை பார்த்த நாங்கள் மூன்று பெண்களும் ஒரே டிபன் பாக்ஸில் புளிச்சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிட்டுக் கதை பேசுவோம். மற்ற இருவரும் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள். உறைகளைப் பிரிக்கப் பிரிக்க அவர்கள் சிரிப்பு கேட்பது போலிருந்தது.

சில படங்களை மட்டும் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. பெயரோ நம்பரோ சரியாக இல்லை என்று தனிப் பட்டியலில் ஒதுக்கிவிட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வேலை முடிந்தது என்று டாக்டரிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் புதுமடத்தில் இருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் சவுதியில் டிரைவர். லீவில் வந்த இடத்தில் விடாத இருமல். ஸ்கேன் எடுத்ததில் வலது நுரையீரலில் சிறிய கட்டி ஒன்று தெரிந்தது. மதுரைக்குப் போய்ச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும், பழைய ஸ்கேன் ஏதாவது இருந்தால் முதலில் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் பைக் விபத்தில் அடிபட்டபோது இங்கேதான் ஸ்கேன் எடுத்தோம் என்றார் மனைவி. நான் பெயரைத் தட்டினேன். வரவில்லை. எழுத்தை மாற்றி மாற்றித் தட்டியும் வரவில்லை. அப்படி எதுவும் இல்லை என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொல்லிவிட்டேன்.

மனைவி நகரவில்லை.

"இங்கனதான் எடுத்தாக, தங்கச்சி. நீங்கதான் இருந்தீக. நான் வந்து சேர்றதுக்குள்ள எடுத்து முடிச்சிட்டீக. அவுக மயக்கத்துல கெடந்தாக, பேரு சொல்லக்கூடப் பக்கத்துல ஆளில்ல. அவுக வாட்சைக் கழட்டி வச்சிருந்து ஏங்கையில குடுத்தீக."

வாட்ச் எனக்கு நினைவில்லை. ஆனால் பேர் சொல்ல ஆளில்லை என்றது சுருக்கென்று உறைத்தது. தேதியைக் கேட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள், மூத்த மகளுக்கு அப்போது நாலு மாதம் என்றார். போனில் அந்த நாளின் தேதியைக் கண்டுபிடித்து, ஒதுக்கிவிட்டிருந்த பட்டியலைத் திறந்தேன். அந்தத் தேதியில் 'பெயர் தெரியாத ஆண்' என்று ஒரே ஒரு பதிவு. ஸ்கேன் எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

உடனே அதை டாக்டரிடம் காட்டினேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பழைய படத்தில் இடதுபக்கம் இரண்டு விலா எலும்புகள் முறிந்திருந்தன. புதியதில் அதே இரண்டும் ஒட்டிய தடம் இருந்தது. கட்டியும் அன்றைக்கே, அதே இடத்தில், அதே அளவில் இருந்தது.

"ஒன்பது வருஷமா வளரவே இல்ல. எப்பவோ வந்துபோன நோயோட பழைய தழும்பு இது. மதுரைக்கெல்லாம் போக வேணாம். இருமலுக்கு மட்டும் மருந்து தாரேன்" என்றார்.

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கணவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பேரு தெரியாத ஆளு நாந்தானா?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் முழுப்பெயரை எழுத்துக்கு எழுத்துக் கேட்டு, அவர் முன்னாலேயே திருத்தினேன். பட்டியலில் மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்க்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

இப்போதும் யாராவது பழைய ஸ்கேன் கேட்டு வந்தால், 'இல்லை' என்ற சொல் அவ்வளவு லேசில் என் வாயில் வருவதில்லை. பெயரைக் கேட்பதற்கு முன்னால், அன்றைக்கு என்ன நடந்தது என்றுதான் கேட்கிறேன்.