கடைவாயில் ஒரு துண்டுப் போயிலை

"உன்ர அம்மா கடைவாயில போயிலையோடதான் உன்னைச் சுமந்தவ. உனக்கு இப்ப என்ன குறை? கல்லு மாதிரித்தானே நிக்கிறாய்?"

இப்படிக் கேட்டவர் என் மச்சாள். அண்ணாவின் மனைவியான அவர் அப்போது நாலு மாதப் பிள்ளைத்தாச்சி. துறைமுகக் கரையில், மீன் வெட்டிக் காயவைக்கும் எங்கள் கருவாட்டு வாடியில் அம்மாவோடு மீன் வெட்டுவார். மீன்குடல் நாற்றத்தில் குமட்டிச் சத்தி வராமலிருக்க, வாடிப் பெண்கள் கடைவாயில் ஒரு துண்டுப் போயிலையை ஒதுக்கிக்கொள்வார்கள். பிள்ளைத்தாச்சி என்றால் அம்மாவே வெட்டிக் கொடுப்பார். பாசத்தில் துண்டு கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். தாதியர் பயிற்சிக்கும் தெரிவாகியிருந்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. வாசித்ததை மச்சாளிடம் சொன்னேன்: போயிலையின் நிக்கோட்டின் தாயின் இரத்தத்தோடு பிள்ளைக்கும் போகும்; வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்குப் பிரஷர் கூடலாம், இதயம் பாதிக்கப்படலாம்.

"அது புத்தகத்தில கிடக்கும். உன்ர உடம்பில கிடக்கோ?"

அடுத்த கிளினிக் நாளில் மச்சாளோடு போய், பிரஷர் பார்க்க மிட்வைஃப் அக்காவிடம் என் கையையும் நீட்டினேன். எல்லாம் சரியென்று வந்தால் மச்சாள் வாடி முழுக்கச் சொல்லிச் சிரிப்பார், போயிலையையும் விடமாட்டார். அதுதான் என் பயம்.

அக்கா கருவியைப் பார்த்தார். "தங்கச்சி, ஓடி வந்தனீங்களோ?"

"இல்லை அக்கா, பஸ்ஸில."

கொஞ்ச நேரம் இருத்திவைத்து மறுபடியும் பார்த்தார். கூடத்தான் இருந்தது. மச்சாளின் முகம் சுருங்கிவிட்டது.

கிளினிக் டொக்டர் என்னிடம் நேர்மையாகச் சொன்னார்: "போயிலையாலதான் எண்டு உங்களை மட்டும் வச்சுச் சொல்ல ஏலாது. வேற காரணமும் இருக்கலாம். ஆனா வயித்தில பிள்ளையோட போயிலை வேண்டாம். உங்களுக்கு உப்பும் கருவாடும் குறையவேணும்."

"வாடிக்காரியிட்டச் சொல்லுற கதையோ இது!" என்றார் மச்சாள். டொக்டரும் சிரித்துவிட்டார்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"தெரிஞ்சோ செய்தனீங்கள், அம்மா? விடுங்கோ" என்றேன்.

அம்மா எழுந்து போய், போயிலைக் கட்டை வாசலுக்கு எதிரே இருந்த கடலில் வீசினார்.

"ஐயோ மாமி, இனி மீனுக்கெல்லாம் பிரஷர் வரப்போகுது!" என்று மச்சாள் கத்தினார். சிரித்துச் சிரித்து அம்மாவுக்குப் புரையேறியது.

போயிலைக்குப் பதிலாக அம்மா இஞ்சி வெட்டத் தொடங்கினார். இதுவும் பெரிய துண்டுதான். முதல் கிழமை முழுக்க, போயிலை இல்லாமல் மச்சாள் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். ஒருநாள் என்மேல் சூடைமீன் ஒன்றும் பறந்து வந்தது. நான் அதைக் கழுவிக் குழம்பு வைத்தேன், உப்புக் குறைத்து. இப்போது ஏழாம் மாதம். அன்றிலிருந்து மச்சாள் போயிலையைத் தொடவில்லை. மற்றப் பெண்களும் கடைவாயைக் காட்டி, "எங்களுக்கும் இஞ்சி தாங்கோ" என்று அம்மாவிடம் வருகிறார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை வாடிக்கே வந்து எல்லோருக்கும் பிரஷர் பார்க்கும்படி மிட்வைஃப் அக்காவைக் கேட்டேன். ஓம் என்றார். நேற்றே பேர்களை எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலில் என் பேர், அடுத்தது அம்மா. மச்சாள் சொன்னபடி, அவருடைய பேருக்குக் கீழே பிள்ளைக்கென்று ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.