கோப்பையும் ஒரு கம்பமும்

போன வாரம் சுகர் லேண்டில் சுந்தர் அண்ணன் வீட்டுக்குப் போனால், எங்கள் கிளப் வாங்கிய ஒரே கோப்பையில் பிளாஸ்டிக் பூ செருகி வைத்திருக்கிறார். பக்கத்தில் நீலகிரித் தைலம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் பழைய சந்தேகம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. நான் ஹோட்டல் பில்லைக்கூட இரண்டு முறை கூட்டிப் பார்க்கிற ஜென்மம்.

ரவுண்ட் ராக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆபீஸிலிருந்த ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் தன் ஊர் ஃபுட்பாலைச் சொல்லிக்கொடுத்து எங்களை ஒரு கிளப்பாகவே ஆக்கிவிட்டார். சுந்தர் அண்ணன்தான் கேப்டன். உயரமான இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் கோல், ஆறு புள்ளி. கம்பத்தில் உரசினால் ஒன்றே ஒன்று. முழங்காலெல்லாம் தைலம் தேய்த்துக்கொண்டு இறங்குவோம். மைதானமே ஜலதோஷம் பிடித்த வீடு மாதிரி மணக்கும். சாதனை என்று பார்த்தால், விடாமல் தோற்றதுதான். அந்தக் கோப்பை ஒன்று நீங்கலாக.

இறுதி ஆட்டம். மூன்று புள்ளி பின்னால் இருந்தோம். கடைசி உதை அண்ணனுடையது. கம்பத்தடியில் நின்ற என் காதில் 'டொக்' என்று விழுந்தது. விழுந்த மாதிரி இருந்தது. கோல் அம்பயர் முரளி இரண்டு கொடிகளையும் தூக்கி ஆட்டினான். கோல்! முரளி யார்? அண்ணன் மனைவியின் சொந்தத் தம்பி. எல்லோரும் அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கம்பத்தில் தடம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முரளி இப்போது கோயம்புத்தூரில். அண்ணன் வீடியோ காலில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் காபி போடப் போனார். கேட்டேவிட்டேன்.

"முரளி, உண்மையச் சொல்லு. அந்த ஃபைனல்ல பால் போஸ்ட்ல பட்டுச்சா?"

"தெரியலீங்ண்ணா, டவுட்டாத்தான் இருந்துச்சு. டவுட்டுன்னா பேட்ஸ்மேனுக்குத்தானுங்களே குடுக்கணும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஆஸ்திரேலிய ஆட்டத்தில் சந்தேகம் வந்தால் குறைந்த புள்ளிதான். பயல் கிரிக்கெட் சட்டத்தைக் கொண்டுபோய் அங்கே போட்டிருக்கிறான். திருடவில்லை. ஆனால் கோப்பை எங்களுடையதும் இல்லை. இத்தனை வருடம் யோசித்து வைத்த பதிலோ என்னவோ, அவன் சிரித்த சிரிப்பையும் நம்ப முடியவில்லை.

"என்னடா சொன்னான்?" என்று அண்ணன் காபியோடு வந்தார்.

"சும்மா, பழைய கதைண்ணா" என்றேன்.

லேஆஃபில் பாதிப் பேர், கிரீன் கார்டுக்குக் காத்திருந்து சலித்தவர்கள் மீதி என்று கிளப் கலைந்தே போயிற்று. திரும்பும்போது மைதானத்து வழியாக டிரைவ் பண்ணினேன். அங்கே இப்போது அபார்ட்மென்ட் வந்துவிட்டது. கோல் கம்பம் இருந்த இடத்தில் யாருடைய காரோ நிற்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் ஞாபகத்தில் ஒரு வெற்றி இருக்கிறது. எனக்கு அந்தக் கம்பம்தான் இருந்தது. அதையும் பிடுங்கிவிட்டார்கள்.