கறுப்பு மேலங்கிக் கூட்டம்

ஒரு மாணவியின் படிப்பை நான் கெடுத்தேன். நன்றாகத் தெரிந்தே கெடுத்தேன்... ஒரே வாக்கியத்தில்!

பாரிஸுக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் துறையில் நான் ஒருத்திதான் தமிழ். மாணவர்களிடையே ஒரு தமிழ்ச் சங்கம் உண்டு. முதுகில் பனைமரம் பொறித்த கறுப்பு மேலங்கி அணிந்து கூட்டமாகவே திரிவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு மூத்தவர்களில் ஒருவரை அண்ணாவாகவோ அக்காவாகவோ பொறுப்பாக்கிவிடுவார்கள். பிறகு மாடிப்படியெல்லாம் பாட்டு, ஆட்டம், கூச்சல்...

ஆசிரியர் அறையில் அவர்களைப் பற்றி எப்போதும் கேலிதான். மேலங்கி போட்டவர் படிக்க வரவில்லை என்பது அங்கே முடிந்த முடிவு. நான் எதிர்த்துப் பேசியிருப்பேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். இல்லை! எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவள் நான். என்னையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிடுவார்களோ என்ற பயம்... வெட்கங்கெட்ட பயம்!

மதுரா அந்தச் சங்கத்தில் இருந்தாள். திரான்சி என்ற புறநகரிலிருந்து வருவாள். என் வகுப்பில் தூங்கி வழிவாள். ஆட்டம் போட்ட களைப்பு என்று நானே முடிவுகட்டினேன். ஏனம்மா என்று ஒருநாளாவது கேட்டேனா?

ஆண்டிறுதியில் தேர்வுக் குழு கூடியது. தேர்ச்சிக்குச் சற்றே குறைந்தவர்களுக்காக ஆசிரியர் ஒருவர் நல்ல வார்த்தை சொன்னால், குழு அவர்களைத் தூக்கிவிடும். மதுராவுக்குக் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. ஏற்கெனவே ஒருமுறை தோற்று அதே வகுப்பில் தங்கியவள். இதில் தவறினால் வெளியேற வேண்டியதுதான். இவளைத் தெரியுமா என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"மேலங்கிக் கூட்டத்தில் ஒருத்தி" என்றேன்.

மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். அடுத்த பெயருக்குப் போனார்கள்.

பிறகுதான் முதலாண்டு மாணவி ஒருத்தி சொன்னாள். மதுரா அக்கா மாலைதோறும் முதலாண்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து என் பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்தாளாம்... என் வகுப்பில் விளங்காததை! அப்போதாவது தலைவரிடம் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஓடியிருந்தால் முதலில் என்னைப் பற்றியல்லவா சொல்ல வேண்டும்!

சென்ற சனிக்கிழமை, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் ஒரு சேலைக்கடைக்குள் நுழைந்தேன். உள்ளே மதுரா வேலை செய்துகொண்டிருந்தாள். திரும்பி ஓடத்தான் நினைத்தேன். அவளோ என்னை மரியாதையாக வரவேற்று, பக்கத்தில் நின்ற தாய்க்கு அறிமுகப்படுத்தினாள். அந்த அம்மா என் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"அந்தச் சங்கத்தாலைதான் இவளின்ரை படிப்புக் கெட்டது. சின்னவள் வாற வருசம் உங்களிட்டைத்தான் வாறாள். சங்கம் கிங்கம் எண்டு போகக்கூடாது எண்டு இப்பவே சொல்லிப்போட்டன். நீங்கள் அங்கை இருக்கிறியள்தானே, அது காணும்."

மதுரா நிமிரவில்லை. மடித்து வைத்த சேலையையே பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"ஓம்... நான் இருக்கிறன்" என்றேன்.