மிஷின் பேச்சு

எங்கள் நைனா வேலை பார்த்த பட்டறையில் யாரும் யாரோடும் பேச முடியாது. இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பெரிய மிஷின்கள் காலையிலிருந்து இடி மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் அங்கிருந்தவர்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். குரல் கொடுக்காமல், உதட்டை மட்டும் நன்றாக அசைத்துப் பேசுவார்கள். டீ வந்துவிட்டது, சூப்பர்வைசர் வருகிறார், எல்லாமே உதட்டில்தான்.

எங்கள் வீட்டில் அதற்கு மிஷின் பேச்சு என்று பெயர். அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சோறு போட்டாச்சு என்றால் அம்மா உள்ளேயிருந்து கூப்பிட மாட்டாள். எதிரில் வந்து நின்று உதட்டை அசைப்பாள். மற்றபடி நைனா வாயைத் திறந்தால் திருவொற்றியூர் தேரடி வரைக்கும் கேட்கும். பட்டறைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள் என்பதால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

நான் ஐந்தாவது படிக்கும்போது பட்டறையை மூடிவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வேறு பட்டறை தேடிப் போனார்கள். நைனா மட்டும், "இரும்பு போதும்பா, இனிமே வெள்ளைச் சட்டதான்" என்று சொல்லிவிட்டு, நாற்பது வயசுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். அவருக்குக் கற்றுக்கொடுத்த பையனுக்கு மீசை அப்போதுதான் முளைத்திருந்தது. லைசென்ஸ் வந்த அன்று அம்மா பால் பாயசம் வைத்தாள்.

அதற்கப்புறம் பாயசம் வைக்க ஒன்றும் நடக்கவில்லை. வயசாகிவிட்டது என்றார்கள், முன்னே பின்னே ஓட்டின அனுபவம் இல்லை என்றார்கள். ராயபுரத்தில் ஒரு வீட்டில், கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லாமல் திமிராக நிற்கிறான் என்றே சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வெள்ளைச் சட்டை மட்டும் துவைத்துத் துவைத்து மெலிந்துகொண்டே வந்தது. அம்மா இறால் உரிக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியவில்லை என்றால் என்னை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் வந்தது. அதுவும் மிஷின் பேச்சில்தான் வந்தது. எனக்குப் புரியாது என்று நினைத்தார்களோ என்னவோ.

பக்கத்து வீட்டு மாமா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஒருநாள் அவர் ஓடிவந்தார். "மாமு, டோல்கேட்டாண்ட ஒரு பருப்பு மண்டி அண்ணாச்சி, காருக்கு ஆள் தேடிகினுகீறாரு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஓட்டிக் காட்டணுமாம்."

முகம் கழுவிக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்கவில்லை. மாமா அவர் தோளைப் பிடித்துத் திருப்பி மறுபடி முதலிலிருந்து சொன்னார். "கேட்டா பத்து வருசமா ஓட்டிகினுகீறேன்னு சொல்லு. இன்னா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"வேலயா, அரிச்சந்திரன் வேசமா? எது வோணும் சொல்லு!"

ஞாயிற்றுக்கிழமை நைனா என்னையும் கிளம்பச் சொன்னார். "புள்ள எதுக்கு?" என்றாள் அம்மா. "அவன் வந்தா ராசி" என்றார் நைனா. அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள், அவரை ஒரு தரம் பார்த்தாள், பிறகு என் தலையில் எண்ணெய் வைத்து வாரிவிட்டாள். நான் ராசியான பையன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ரொம்பப் பெருமையாக இருந்தது.

போகிற வழியில் நைனா சொன்னார்: "டேய், ஒரு ஆட்டம் ஆடலாம். பின்னாடி அவங்க இன்னா பேசினாலும் நீ அத மிஷின் பேச்சுல எனக்குச் சொல்லணும். சத்தம் வரக் கூடாது. ஒரு வார்த்த வுடக் கூடாது. செய்வியா?"

வகுப்பில் எந்தப் போட்டியிலும் ஜெயிக்காத பையன் நான். இதில் ஜெயித்துவிடுவேன் என்று தோன்றியது.

அண்ணாச்சியும் அவர் மனைவியும் பின்னால் உட்கார்ந்தார்கள். எண்ணூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வர வேண்டும், அதுதான் பரீட்சை. ராசிக்காக என்று சொல்லி என்னை முன்சீட்டில் உட்கார வைத்திருந்தார் நைனா. ராசி என்றதும் வியாபாரிகள் மறுப்பதில்லை. வண்டியை எடுப்பதற்கு முன்னால், உள்ளே இருக்கிற கண்ணாடியை நைனா மெதுவாகத் திருப்பினார். அதில் ரோடு தெரியவில்லை. அண்ணாச்சியின் வாய் தெரிந்தது.

ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு லாரிக்காரன் பின்னால் வந்து ஹாரனை அழுத்தினான் பாருங்கள், நான் காதைப் பொத்திக்கொண்டேன். நைனா திரும்பக்கூட இல்லை, நிதானமாக அவர் பாட்டுக்கு ஓட்டினார்.

"பரவால்லியே! இந்தக் கத்து கத்துதான், மனுசன் பதறுதாரா பாரு" என்றார் அண்ணாச்சி மனைவியிடம். நான் அதையும் நைனாவிடம் உதட்டில் சொன்னேன். நைனாவின் மூக்கு நுனி சிவந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அண்ணாச்சி முன்னால் சாய்ந்தார். "ஏம்வே, இந்தக் கண்ணாடி என்ன என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கு? பின்னால வண்டி வாரது தெரியாண்டாமா?"

நைனா உடனே கண்ணாடியைத் திருப்பி வைத்தார். இப்போது அதில் லாரிகள் தெரிந்தன. அண்ணாச்சி மறைந்துவிட்டார். நைனா என்னைப் பார்த்தார். இனி ஆட்டம் முழுக்க என் கையில் என்று எனக்குப் புரிந்தது.

அண்ணாச்சி இடப்பக்கம் ஒடிக்கச் சொன்னார். சொன்னேன், வண்டி திரும்பியது. பள்ளம் இருக்கு, மெதுவாப் போங்க என்றார் அவர் மனைவி. சொன்னேன், வண்டி மெதுவானது. நான் உதட்டை அசைத்தால் கார் கேட்கிறது! அந்த உற்சாகத்தில் அண்ணாச்சியின் ராகத்தையும் புருவம் தூக்குவதையும் சேர்த்தே செய்ய ஆரம்பித்தேன்.

"ஏங்க, இந்தப் பையனப் பாருங்க" என்றார் அந்த அம்மா. "நீங்க பேசுதத எல்லாம் பழிப்புக் காட்டிக்கிட்டே வாரான்."

அதையும் நான் நைனாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை விடக் கூடாது இல்லையா?

"வண்டிய ஓரங்கட்டும்" என்றார் அண்ணாச்சி. சொன்னேன். வண்டி ஓரமாக நின்றது. "புள்ளைய வளக்கத் தெரியாதவர நம்பி எப்படிவே வண்டிய விட? நீரு நாளைக்கு வராண்டாம்." நைனா இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் கடைசி வார்த்தை வரைக்கும், சத்தமில்லாமல், ஒழுங்காகச் சொல்லி முடித்தேன்.

நைனா இறங்கி, பின்கதவருகே போய்க் குனிந்து நின்றார். "மன்னிச்சிக்கோங்க அண்ணாச்சி. பையன் கொஞ்சம் வாலு. நான் கண்டிச்சி வெக்கிறேன்." இத்தனைக்கும் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். எனக்கு அழுகை வந்தது. திரும்பவும் டோல்கேட் வந்து சாவியைக் கொடுக்கும் வரைக்கும் காரில் யாரும் பேசவில்லை. எனக்கும் வேலை இல்லை.

நைனா அப்புறம் எந்தக் காருக்கும் போய் நிற்கவில்லை. காது கேட்காதவர் வண்டி ஓட்டலாமா என்று நீங்கள் இப்போது கேட்பீர்கள். அவரும் தன்னையே அப்படிக் கேட்டிருப்பார். லைசென்ஸை பீரோவில் வைத்துவிட்டு, ஒரு மாவு மில்லில் சேர்ந்தார். அரவை ஓடும்போது அங்கே ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்காது. நைசாக அரைக்க வேண்டுமா, குருணையாகவா என்று பெண்கள் உதட்டை அசைத்தாலே அவர் தலையாட்டிவிடுவார். காரோட்டப் படித்துவிட்டு மாவில் நிற்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பல வருஷம் கழித்து கன்டெய்னர் யார்டு வேலையில் சேர்ந்தபோது, என்னை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்திக்கொண்டே இருந்தேன். அழுத்த அழுத்த, ராசி என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்துபோனது.

அண்ணாச்சியிடம் சாவியைக் கொடுத்த அன்றைக்கு, வீட்டுக்குப் போகும் வழியில் நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். அடி விழும் என்று பயந்துகொண்டே வந்தேன். நைனா என்னை ஒரு அத்தோ கடைக்குக் கூட்டிப் போனார். நூடுல்ஸில் கோஸும் வெங்காயமும் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்பார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். ஒரே ஒரு தட்டு வாங்கி என் முன்னால் வைத்தார். சரி, நான் செய்த தப்பை மன்னித்துவிட்டார் என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

பாதித் தட்டில் நிமிர்ந்து பார்த்தேன். நைனா என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். சத்தமே இல்லை. "மன்னிச்சிக்கோடா."

ஆட்டம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு வார்த்தை விடாமல், அதையே நான் அவருக்குத் திருப்பிச் சொன்னேன்.