தவராசாவின் கொம்பியூட்டர்

புஷ்பவதி அக்கா இடியப்பம் அவித்து விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். மூத்தவன் தவராசா, உட்துறைமுக வீதியில் ஒரு கடையில் கொம்பியூட்டர் திருத்துகிறவன். மற்றவர்கள் கழித்துப்போட்ட சாமான்களைக் கொண்டுவந்து வீட்டிலும் ஒன்றைப் பொருத்தி வைத்திருந்தான். தங்கை இராசமலர் அதைத் தொட்டால் வீடு இரண்டுபடும்.

இரண்டாயிரத்து ஆறில் நாட்டில் சண்டை மறுபடி தொடங்கியபோது, அயலூரான கப்பல்துறைக்கு வேலையாகப் போன தவராசா திரும்பவில்லை. அக்கா ஏறி இறங்காத இராணுவ முகாம் இல்லை. யாரும் பிடிக்கவில்லையாம், யாருக்கும் தெரியாதாம். வளர்ந்த பிள்ளை காற்றோடு கரைந்தா போவான்?

அதன்பிறகு அக்கா தினமும் அந்தக் கொம்பியூட்டரைப் போடுவார். திரையில் ஆங்கிலத்தில் அவன் பெயர் வந்து கடவுச்சொல் கேட்கும். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார். அவருக்கு ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் அந்தப் பெயர்தான்.

அடுத்த வருடம் இராசமலருக்கு ஒரு அலுவலகத்தில் வேலை சரிவரும்போல இருந்தது. புதிய விண்டோஸில் வேலை செய்யத் தெரிய வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்ததோ விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. அதை மாற்றும்படி அவள் அம்மாவைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி நான்தான், "மாத்தினால் என்ன அக்கா?" என்று கேட்டேன். ஒரு கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை. பிறகு தானாகவே, தவராசாவோடு வேலை செய்த லாபிரைக் கூப்பிட்டார்.

"படம், பாட்டெல்லாம் சீடியில எடுத்துத் தாறன் அம்மா. ஒண்டும் போகாது," என்றான் லாபிர்.

"அவன்ர பேர் வருமோ தம்பி?"

"இதில இருக்கிறது அழிஞ்சிடும் அம்மா. புதுசா ஒரு பேர் குடுக்க வேணும்."

"எல்லாத்தையும் மாத்தினால், இனி அவன் வரமாட்டானெண்டு நாங்களே முடிவெடுத்த மாதிரியெல்லே?"

"விடுங்கோ அம்மா, எனக்கு வேலை வேண்டாம்," என்று இராசமலர் குசினிக்குள் போய்விட்டாள். அக்கா அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கிற பிள்ளையையும் அழவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"செய்யுங்கோ தம்பி."

பாதியில் லாபிர் கையை எடுத்தான். "ஆருடைய பேரெண்டு கேக்குது அம்மா. என்ன போட?"

அக்கா திரைக்குக் கிட்ட வந்தார்.

"இராசமலர் எண்டு போடுங்கோ." பிறகு கத்தினார்: "விருப்பமில்லாட்டி அவன் வந்து என்னோட சண்டை பிடிக்கட்டும்!"

இராசமலருக்கு அந்த வேலை கிடைத்தது. அக்கா இன்னும் அந்தச் சண்டைக்காகக் காத்திருக்கிறார்.